பாதாம் பருப்பும் முக்கால் துணியும்

போன வாரம் அத்தை மறுபடியும் அந்த வாட்சப் மெசேஜை அனுப்பிட்டாங்க. உங்களுக்கும் கட்டாயம் வந்திருக்கும், "யூதர்கள் ஏன் புத்திசாலிகள்"னு ஆரம்பிக்கும், வயித்துல பிள்ளை இருக்கும்போதே அம்மா கணக்கு போட்டுட்டே இருப்பாளாம், பாதாமும் பேரீச்சம்பழமும் பாலுமா சாப்பிடுவாளாம், மீன் சாப்பிட்டாலும் தலையைத் தொட மாட்டாங்களாம், இப்படியே அனுமார் வால் மாதிரி போகும். அதுக்குக் கீழ அத்தை தனியா ஒரு வரி, "நீ அவங்க ஸ்கூல்லதான வேலை பாக்குற, இது நெசமா கண்ணு?"

அஞ்சு வருஷமா இதே மெசேஜ் மூணு தடவை வந்துருச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுட்டு நகந்துடுவேன். இந்த தடவை உக்காந்து எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல நான் எப்படி அங்க போய் மாட்டுனேன்னு சொல்லிடறேன். கரூர்ல எம்எஸ்சி மேத்ஸ் முடிச்சுட்டு, கல்யாணம் ஆகி, எச்4 விசால (அங்க வேலை பாக்குறவரோட மனைவிக்குத் தர்ற விசா) நியூஜெர்சி வந்து, சாம்பார் வச்சுட்டு யூடியூப் பாத்துட்டு இருந்த கோஷ்டிதான் நானும். 2015ல எச்4காரங்கள்லயும் சிலர் வேலைக்குப் போகலாம்னு ரூல் வந்துச்சு. பப்ளிக் ஸ்கூல்ல டீச்சர் ஆகணும்னா ஸ்டேட் சர்டிஃபிகேட் வேணும், பிரைவேட் ஸ்கூலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பெர்கன் கவுன்ட்டில எங்க வீட்டுலேர்ந்து பதினஞ்சு நிமிஷத்துல ஒரு யூத டே ஸ்கூல், மத்தியானத்துக்கு மட்டும் கணக்கு டீச்சர் வேணும்னு போட்டிருந்தாங்க. அது ஏன் மத்தியானம் மட்டும்னு அப்ப எனக்குப் புரியல.

போனப்புறம்தான் புரிஞ்சுது. காலைல எட்டு மணிக்கு பிரார்த்தனை, அதுக்கப்புறம் மதியம் வரைக்கும் ஹீப்ரு, ஹூமாஷ் (மோசேயோட அஞ்சு புத்தகம்), தீர்க்கதரிசிகள், மிஷ்னா (பழைய யூத சட்டத் தொகுப்பு), பெரிய வகுப்புன்னா கெமாரா, அதாவது அந்த மிஷ்னா மேல நடந்த வாதங்களோட தொகுப்பான தல்மூத். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ், வரலாறு எல்லாம், நாலரை வரைக்கும். நம்ம ஊர்ல எந்த அப்பா அம்மாவாவது, நாள்ல பாதியை சாமி பாடத்துக்குக் குடுத்துட்டு மிச்சப் பாதில கணக்கு சொல்லித் தர்ற ஸ்கூலுக்குக் காசு கட்டுவாங்களா சொல்லுங்க. இது போதாதுன்னு வெள்ளிக்கிழமை சப்பாத்துக்காக (சூரியன் மறையும்போது ஆரம்பிக்கற வாராந்திர ஓய்வுநாள்) சீக்கிரமே வீட்டுக்கு விட்டுடுவாங்க, குளிர்காலத்துல சூரியன் நாலரைக்கே மறைஞ்சுடும்ல. செப்டம்பர் அக்டோபர்ல புதுவருஷம், யோம் கிப்பூர், சுக்கோத்துன்னு வரிசையா பண்டிகை, அந்த ஒரு மாசம் நான் முழுசா ஒரு சாப்டர் முடிச்சதா சரித்திரமே இல்ல. "எல்லாம் பண்டிகை முடிஞ்சப்புறம்"ங்கிறது அங்க ஒரு நிரந்தர டயலாக்.

முதல் வாரமே ஒரு கூத்து வேற. டிஃபன் பாக்ஸ்ல எலுமிச்சை சாதம் கொண்டுபோய் ஸ்டாஃப் ரூம் மைக்ரோவேவ்ல வச்சுட்டேன். நம்மளுது சுத்த சைவம்தான, இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். சைவமா இருக்கறது வேற, கோஷர் (யூத சாப்பாட்டு விதி) வேற. கோஷர் இல்லாத சமையலறைல செஞ்சது உள்ள போச்சுன்னா அந்த மைக்ரோவேவையே மறுபடி சுத்தி பண்ணித்தான் எடுக்கணும். கூட வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க என் தோள்ல கை வச்சு மெதுவா சொன்னாங்க, எனக்கு எங்கயாவது ஓடி ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. அன்னையிலேர்ந்து வாழைப்பழமும் சர்டிஃபிகேட் முத்திரை போட்ட தயிரும்தான் எனக்கு.

சரி மார்க் கதைக்கு வர்றேன். பாதி நேரம்தான் கணக்குக்கும் சயின்ஸுக்கும், ஆனா பிள்ளைங்க பக்கத்து ஊரு நல்ல பப்ளிக் ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கொஞ்சமும் குறையாம நிக்குறாங்க. ஹைஸ்கூல் போனா ஏபி (காலேஜ் தரத்துப் பாடம்) எடுக்குறாங்க, எஸ்ஏடி (காலேஜ் நுழைவுப் பரீட்சை) எழுதுறாங்க, நல்ல காலேஜ்ல எடம் கிடைக்குது. கிடைச்ச எடத்தை ஒரு வருஷம் நிறுத்தி வச்சுட்டு இஸ்ரேல்ல போய் ஒரு வருஷம் தல்மூத் படிச்சுட்டு வேற வர்றாங்க. இது எப்படி கட்டுப்படியாகுதுன்னு முதல் வருஷம் முழுக்க எனக்கு மண்டைக் குடைச்சல்.

ஒருநாள் சீக்கிரமே போய்ட்டேன், காலை பதினொன்னரை இருக்கும், ஏழாம் வகுப்பு ரூமைத் தாண்டிப் போறேன், உள்ளேர்ந்து சந்தைக்கடை மாதிரி சத்தம். டீச்சர் வெளிய போய்ட்டாரு போல, பசங்க ஆடுறாங்கன்னு எட்டிப் பாத்தா, ரப்பை (வேத பாட வாத்தியார்) உள்ளேதான் நிக்குறாரு, கையைக் கட்டிட்டு, சந்தோஷமா! பிள்ளைங்க ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர உக்காந்து நடுவுல ஒரு பெரிய புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு கத்துறாங்க. ஹவ்ரூதான்னு பேரு, ஜோடி சேந்து படிக்கறது. ஒருத்தன் வரியைப் படிச்சு அர்த்தம் சொல்லணும், இன்னொருத்தன் அதை உடைக்கணும். எதிராளி ஒத்துக்கிட்டே போனா அன்னைக்குப் படிப்பு நடக்கலைன்னு அர்த்தம்.

அந்தப் புத்தகத்தோட பக்கத்தை நீங்க பாக்கணும். நடுவுல மூலம், ஒரு ஓரத்துல ராஷி எழுதின உரை (1105ல இறந்துபோன பிரான்ஸ்காரர்), இன்னொரு ஓரத்துல அவருக்குப் பின்னாடி வந்தவங்க, அவரோட பேரன்மாரும் சேத்திதான், அவரையே மறுத்து எழுதினது. 1520கள்ல வெனிஸ்ல அச்சடிச்சப்போ நிலைச்ச அமைப்பு, இன்னும் அப்படியேதான் இருக்கு. நமக்குப் பரிமேலழகர் உரை, மணக்குடவர் உரைன்னு தனித்தனியா இருக்குல்ல, அதையெல்லாம் ஒரே பக்கத்துல உக்கார வச்சு சண்டை மூட்டி விட்டு, பன்னெண்டு வயசுப் பிள்ளைகிட்ட "நீ என்ன சொல்ற"ன்னு கேட்டா எப்படி இருக்கும், அதுதான். புள்ளி கமா எதுவும் கிடையாது, எது கேள்வி எது பதில்னு அவன்தான் கண்டுபிடிக்கணும், அதுவும் ஹீப்ருவும் அராமிக்கும் கலந்த பாஷைல. முடிவு தெரியாத வாதத்துக்கு தல்மூத்ல ஒரு வார்த்தை வரும், "தேக்கு". அப்படியே நிக்கட்டும்னு அர்த்தம். முதல் தடவை கேட்டப்போ எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, நாமளும் தேக்கி வைக்கறதுன்னுதான சொல்றோம், தற்செயலா இருந்தாலும் என்ன பொருத்தம் பாருங்க. கணக்கு வராட்டி என் க்ளாஸ்லயும் பசங்க "மிஸஸ், தேக்கு!"ன்னு கத்துவானுங்க. (என் பேரு அவங்க வாயில நுழையாது, அதனால வெறும் மிஸஸ்.)

அன்னைக்கு மத்தியானம் எனக்கு அதே ஏழாம் வகுப்பு. பாடம் ரேஷியோ. உள்ள வரும்போதே இன்னும் சண்டை ஓயல. என்னடான்னு கேட்டேன். பாவா மெட்சியாங்கிற பகுதியோட முதல் பக்கமாம், ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சுட்டு வர்றாங்க, ஒருத்தன் "முழுசும் என்னுது"ங்கிறான், இன்னொருத்தன் "பாதி என்னுது"ங்கிறான், எப்படிப் பிரிக்கறது?

எனக்கு ஒரே குஷி, பாடமே நடந்து வந்துருச்சேன்னு. போர்டுல போட்டேன், ஒன்னுக்கு அரை, அதாவது 2:1, அப்ப மூணுல ரெண்டு பங்கு முதல் ஆளுக்கு, ஒரு பங்கு ரெண்டாவது ஆளுக்கு. முடிஞ்சுது.

க்ளாஸே சிரிச்சுது. முன் பெஞ்சுல ஒரு பொண்ணு, ரொம்ப சாது, வாயே திறக்காது, அது சொல்லுது, "மிஸஸ், அவன்தான் பாதியை விட்டுக் குடுத்துட்டானே."

எனக்குப் புரியல. அது எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி ஒரு கட்டம் போட்டு நடுவுல கோடு கிழிச்சுது. பாதி என்னுதுன்னு சொல்றவன், மிச்சப் பாதி அவனுதுன்னு தானாவே ஒத்துக்கிட்டான், அந்தப் பாதில சண்டையே இல்ல. சண்டை இருக்கறது இன்னொரு பாதில மட்டும்தான். அதை ரெண்டா வெட்டு. முதல் ஆளுக்கு முக்கால், ரெண்டாவது ஆளுக்குக் கால். மிஷ்னால அப்படித்தான் இருக்கு.

எம்எஸ்சி மேத்ஸ் டீச்சர் போர்டு ஓரமா நின்னுட்டு இருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டப்போ சும்மா இதைக் கேட்டேன். அப்பா முப்பது வருஷம் முன்சீப் கோர்ட்ல குமாஸ்தாவா இருந்தவரு, பாகப்பிரிவினைக் கட்டுகளுக்குள்ளயே வாழ்ந்தவரு. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள, "இதுல என்ன கண்ணு இருக்கு, ஒருத்தன் ஒத்துக்கிட்டதைக் கழிச்சுட்டு, தாவா உள்ள சொத்தை மட்டும் பாதியாக்கு, முக்காலும் காலும்"னாரு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "யார் தீர்ப்பு இது, நல்லா இருக்கே"ன்னாரு. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தினதுப்பான்னேன். "அப்ப மேல்முறையீடு காலாவதி ஆகியிருக்கும்"னு சொல்லிட்டு சிரிக்குறாரு.

இதுலேர்ந்துதான் எனக்கு ஆமன் பைத்தியம் பிடிச்சுது. இதே மாதிரி தல்மூத் பங்குக் கணக்கை ஆராய்ஞ்ச கணித மேதை ராபர்ட் ஆமன், 1930ல ஃப்ராங்ஃபர்ட்ல பிறந்து, 1938ல குடும்பத்தோட நியூயார்க்குக்குத் தப்பி வந்தவரு. கையில எதுவும் இல்லாம வந்த குடும்பம், ஆனா பையனை யூத ஸ்கூலுக்குத்தான் அனுப்பினாங்க. மன்ஹாட்டன்ல லோயர் ஈஸ்ட் சைட்ல யெஷிவா (யூத வேத பாடசாலை) ஹைஸ்கூல், அங்க தல்மூத்தும் உண்டு, மத்த பாடமும் உண்டு. கணக்குப் பக்கம் தன்னை இழுத்தது அந்த ஸ்கூல் கணக்கு வாத்தியார்தான்னு அவரே சொல்லியிருக்காரு (வாத்தியாருங்க இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சுக்கலாம்). 2005ல எகனாமிக்ஸ் நோபல்.

அவரு 1985ல மாஷ்லர்ங்கிறவரோட சேந்து ஒரு கட்டுரை எழுதினாரு. விஷயம் இதுதான். தல்மூத்ல கெதுபோத்துங்கிற பகுதில 93ஆம் ஏட்டுல ஒரு கணக்கு வருது. ஒரு ஆளு செத்துப்போயிட்டான், மூணு பொண்டாட்டி, கல்யாண ஒப்பந்தப்படி ஒருத்திக்கு 100 குடுக்கணும், ஒருத்திக்கு 200, ஒருத்திக்கு 300. சொத்து அவ்வளவு இல்ல. 100தான் இருக்குன்னா மூணு பேருக்கும் சமமாப் பிரிங்கிறாங்க. 300 இருந்தா 50, 100, 150ன்னு விகிதப்படி. சரி. ஆனா 200 இருந்தா 50, 75, 75! இது சமமும் இல்ல விகிதமும் இல்ல. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நூற்றாண்டுக் கணக்கா உரைகாரங்க மண்டையை உடைச்சிருக்காங்க. இந்த இடத்தை ஆமனுக்குக் காட்டினது யெஷிவால படிச்சுட்டு இருந்த அவரு மூத்த பையன், அந்தப் பையன் 1982 லெபனான் போர்ல செத்துப்போயிட்டாரு.

மறுநாள் இந்தக் கணக்கைப் பிள்ளைங்ககிட்ட குடுத்து, ஜோடியா உக்காருங்க, கத்திக்கோங்கன்னு விட்டேன். முப்பது நிமிஷம். யாருக்கும் வரல, "தேக்கு"ன்னு ஒரு பக்கம் கோஷம். மூணு பேரையும் ஒண்ணா பாக்காதீங்க, யாராவது ரெண்டு பேரை மட்டும் தனியா நிறுத்துங்கன்னு ஒரு க்ளூ குடுத்தேன். அஞ்சு நிமிஷத்துல கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு அலறல், "இது அந்தத் துணிதான்!"

துணியேதான். 100காரியையும் 200காரியையும் மட்டும் நிறுத்து. ரெண்டு பேர் கைல இருக்கறது 50ம் 75ம், மொத்தம் 125. 100காரி 100க்கு மேல கேக்க முடியாது, அதனால 25ஐ ஒத்துக்கிட்டா. மிச்சம் 100லதான் சண்டை, ஆளுக்கு 50. அப்ப 50, 75. சரியா வருதா? 200காரியும் 300காரியும்? கைல 150, ரெண்டு பேரும் முழுசையும் கேக்குறாங்க, 75, 75. எந்த ரெண்டு பேரை எடுத்தாலும், எந்தத் தொகைக்கும், அந்த முக்கால் கால் சட்டம்தான் ஓடுது. ஆமனும் மாஷ்லரும் கேம் தியரி (எதிரெதிரா நிக்குறவங்க முடிவுகளைக் கணக்காப் பாக்குற கணிதம்) வச்சு இதைத்தான் நிரூபிச்சாங்க. எந்த ஒரு தொகைக்கும் இப்படிப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டுங்கறதையும் சேத்து. அன்னைக்கு நாலரை மணி பெல் அடிச்சும் ஒருத்தனும் பையை எடுக்கல. என் சர்வீஸ்ல அப்படி ஒரு நாள்தான்.

அதனால என்னைக் கேட்டா, காலைல போற அந்தப் பாதி நாளு வீணாப் போகல, அதுதான் மத்தியானத்துக்கு உழுது போடுது. ஒரு வரியை எடுத்து இதுக்கு இவ்வளவுதான் அர்த்தம், இதுக்கு மேல நீ சொல்றது உன் சொந்தச் சரக்குன்னு பிடிக்கற பழக்கம் பன்னெண்டு வயசுல வந்துட்டா, அல்ஜீப்ரா வேர்ட் ப்ராப்ளம் எல்லாம் அதுங்களுக்கு ஒரு வரிக் கெமாரா மாதிரிதான்.

எரிக் கேண்டல் கதையும் இதே மாதிரிதான். வியன்னாவுலேர்ந்து 1939ல ப்ரூக்ளின் வந்து இறங்கின ஒன்பது வயசுப் பையன். யெஷிவா ஆஃப் ஃப்ளாட்புஷ்ங்கிற டே ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப் கிடைக்கணும்னா ஹீப்ரு தெரியணும், தாத்தா அந்தக் கோடை முழுக்க உக்கார வச்சு சொல்லிக் குடுத்திருக்காரு. ஞாபகம் மூளைல எப்படிப் பதியுதுன்னு ஆராய்ஞ்சு 2000ல நோபல் வாங்கினது அந்தப் பையன்தான். அதே ஸ்கூல்ல படிச்ச இன்னொருத்தர் பரூக் ப்ளம்பர்க், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்கினவரு. இவரு நமக்கு ஒரு வகைல சொந்தம். மஞ்சக்காமாலைக்கு நாம குடுக்குற கீழாநெல்லியை வச்சு, ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புல தங்கிட்டவங்களுக்கு மெட்ராஸ்ல தியாகராஜன் குழு செஞ்ச ஆராய்ச்சில இவரும் சேந்திருந்தாரு, 1988ல லான்செட்ல வந்துச்சு. மருந்து சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸ் அடையாளம் போயிருந்துச்சு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். அப்புறம் வேற ஊர்கள்ல செஞ்சு பாத்தப்போ அதே பலன் வரலங்கறதையும் சொல்லிடணும், இல்லாட்டி அத்தை அதையும் ஃபார்வர்ட் பண்ணிடுவாங்க.

இவ்வளவு புகழ்ந்தாச்சு, இனி மறுபக்கம்.

முதல்ல காசு. எங்க கவுன்ட்டில இந்த ஸ்கூல்கள்ல ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல. மூணு நாலு பிள்ளை இருக்கற வீடுங்க. உதவித்தொகை உண்டு, ஆனாலும் அப்பா அம்மா ரெண்டு பேரும் டாக்டர் வக்கீல்னு ஓடித்தான் கட்டுறாங்க. என் க்ளாஸ்ல 17 பேர்தான். ராத்திரி பாடம் பாக்க வீட்டுல படிச்ச ஆளு இருக்கு, தனியா ட்யூஷனும் இருக்கு. பாதி மார்க் இங்கேயே வந்துடுதுல்ல, இதுல பாதாம் எங்க வந்துச்சு?

அப்புறம் எல்லாருக்கும் இது ஒத்துவராது. எனக்கு ஒரு பையன் இருந்தான், எழுத்து கண்ணுல நிக்காத பிள்ளை, டிஸ்லெக்ஸியா. காலைல வலமிருந்து இடம், மத்தியானம் இடமிருந்து வலம், ராஷிக்கு தனி எழுத்து வேற. மூணே முக்காலுக்கு என் க்ளாஸ்ல மேசை மேல கன்னத்தை வச்சுப் படுத்துடுவான், நான் எழுப்ப மாட்டேன். மனக்கணக்கு கேட்டா மத்தவங்க பேனா எடுக்கறதுக்குள்ள சொல்லுவான். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே யெஷிவாக்களுக்குள்ள ப்தாஹ்னு ஒரு அமைப்பை 1976லயே ஆரம்பிச்சுட்டாங்க, ஆனாலும் எட்டு மணிநேரம் ரெண்டு பாடத்திட்டம்னா சில பிள்ளைங்களுக்கு அது சுமைதான். அவன் அடுத்த வருஷம் வேற ஸ்கூல் போய்ட்டான்.

இன்னொண்ணு, யூத ஸ்கூல்னு ஒரே வார்த்தைல அடக்க முடியாது. 2013-14 கணக்கெடுப்புல அமெரிக்கா முழுக்க 861 ஸ்கூல், ரெண்டரை லட்சத்துக்கு மேல பிள்ளைங்க. ஆத்தைத் தாண்டி ப்ரூக்ளின் போனா, ஹசிடிக் சமூகத்தோட (ரொம்பக் கட்டுப்பாடான யூதப் பிரிவு) சில ஆம்பளைப் பசங்க யெஷிவால இங்கிலீஷும் கணக்கும் பேருக்குத்தான் நடக்குது. அங்க படிச்சு வெளிய வந்தவங்களே வருஷக்கணக்கா போராடி, 2022 செப்டம்பர்ல நியூயார்க் மாநிலம் தனியார் ஸ்கூல்லயும் அடிப்படைப் பாடம் ஒழுங்கா நடக்கணும்னு விதி கொண்டு வந்துச்சு, அது இன்னும் இழுபறிதான். அதே தல்மூத்தான் அங்கயும். மத்தியானத்தை எடுத்துட்டா காலை மட்டும் வச்சு மார்க் வராதுல்ல.

மார்க்ல எல்லாம் நம்ம ஆளுங்கதான் வெறின்னு நெனச்சுட்டு இருந்தேன். பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு அம்மா 97 வாங்கின பேப்பரை விரிச்சு வச்சு "மூணு மார்க் எங்க போச்சு"ன்னு கேட்டப்போ எங்க அம்மாவையே தலைல விக் வச்சுப் பாத்த மாதிரி இருந்துச்சு (அங்க கல்யாணமான பொம்பளைங்கள்ல பலர் முடியை மறைக்க விக் வைப்பாங்க). பசங்க இன்னும் மோசம். கேள்வில "காட்டுக"ன்னு இருக்கு, "நிரூபிக்க"ன்னு இல்ல, அதனால படம் போட்டதே போதும், ரெண்டு மார்க் குடுங்கன்னு ஒருத்தன் என்கிட்ட கால் மணிநேரம் வாதாடினான். ரெண்டு கேட்டான், ஒன்னு தரலாம்னு எனக்கே தோணுச்சு, ஒன்னுல சண்டையில்ல, மிச்சம் ஒன்னைப் பாதியாக்கி ஒன்றரை குடுத்தேன். பெஞ்சுல உக்காந்தவன் திரும்பி ஒரு பார்வை பாத்தான் பாருங்க, பிடிபட்டுட்டேன்னு தெரிஞ்சுபோச்சு அவனுக்கு.

இதையெல்லாம் அத்தைக்கு டைப் பண்ண முடியுமா. அவங்க கேட்டது பாதாம் உண்டா இல்லையா, அவ்வளவுதான். என் ஸ்கூல்ல நட் அலர்ஜிக்காக பாதாமே கொண்டு வரக்கூடாதுன்னு ஆரம்பிச்சு, அழிச்சுட்டு, கடைசியா "தேக்கு"ன்னு மட்டும் போட்டேன்.

அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு. "வீடு கட்டுறீங்களா கண்ணு? சொல்லவே இல்ல. தேக்கு இப்ப விலை ஏறிக்கிடக்கு, மாமாகிட்ட கேட்டு சொல்றேன் இரு."